பல்கலைக்கழகத்தில் முறைகேட்டைச் சொல்பவர்

பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் முறைகேட்டை அங்கே பணியாற்றும் ஒருவரே வெளிப்படுத்தும்போது, சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே சொன்னது யார் என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. நிறுவனம் சிறியதென்றால் தேடுவதும் எளிது. திருகோணமலைக்கு வடக்கே கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அளவில் அப்படிப்பட்டது. தலைமையகம் வந்தாறுமூலையில், வளாகத்துக்குப் பொறுப்பு ஒரு முதல்வர். இத்தகைய இடத்தில் பெயரில்லாத முறைப்பாடு எழுதினாலும், அதில் சொல்லப்படும் கோப்பைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் சிலரே. இளம் விரிவுரையாளர் தகுதிகாண் காலத்தில் இருந்தால் நிரந்தர நியமனமும் மேற்படிப்பு விடுமுறையும் மூத்தவர்களின் பரிந்துரையில் தங்கியிருக்கும். எந்தச் சிறிய வளாகத்துக்கும் பொருந்தும் நிலைமை இது.

இதற்கு மேல் கம்பனிப் பண்பாடு வந்து சேர்கிறது. அரசு நிதி போதாதபோது கட்டணப் பாடநெறிகள், வெளிநாட்டுத் திட்டங்கள், நன்கொடைகள் என்று வருமானம் தேடப்படுகிறது. நற்பெயர் விற்பனைப் பொருளாகிறது. அப்போது குறை சொல்பவர் நிறுவனத்துக்கு நட்டம் விளைவிப்பவராகத் தெரிகிறார்.

இதற்கு உலகறிந்த உதாரணம் கனடாவின் மருத்துவர் நான்சி ஒலிவியேரி. டொரொன்டோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த சிறுவர் மருத்துவமனையில், தலசீமியா என்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கான டெஃபெரிப்ரோன் மருந்தை அவர் பரிசோதித்தார். பலன் குறைவதையும் அதனால் ஆபத்து இருக்கலாம் என்பதையும் கண்டு, நோயாளருக்குச் சொல்ல முற்பட்டார். மருந்துக் கம்பனியான அப்போடெக்ஸ் 1996இல் பரிசோதனைகளை நிறுத்தி, வழக்குத் தொடர்வதாக எச்சரித்தது. அதே கம்பனியிடம் பெருந்தொகை நன்கொடை பெறப் பல்கலைக்கழகம் பேசிக்கொண்டிருந்தது. 1998இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். 1999இல் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஒக்ஸ்போர்டின் தலசீமியா நிபுணர் டேவிட் வெதரோல் போன்றோர் தலையிட்ட பின்பே நிலைமை மாறியது. 2001இல் சுயாதீனக் குழுவொன்று அவருடைய கல்விச் சுதந்திரம் மீறப்பட்டதாக முடிவு செய்தது. உலகப் புகழும் வெளிநாட்டு நண்பர்களும் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், தகுதிகாண் காலத்து விரிவுரையாளரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையில் சட்டக் காப்பு இன்று ஓரளவு உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். அது அனுமதிக்கும் தகவலை வெளியிட்ட ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 40ஆம் பிரிவு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாக்கியது. புள்ளிகளுக்காகப் பாலியல் பேரத்துக்கு உள்ளாகும் மாணவிக்கு இது பெரிய வழி. தெரிந்தே பொய் முறைப்பாடு செய்வதும் அந்தச் சட்டத்தின்படி குற்றமே. நிதி விடயங்களைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியும் பாராளுமன்றத்தின் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் (கோப்) ஆராய்கின்றன.

ஆனால் ஆய்வுத் திருட்டு, மாணவரின் கட்டுரையில் மேற்பார்வையாளர் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்வது, பழிவாங்கும் பணி ஒதுக்கீடு ஆகியவை இந்தச் சட்டங்களில் எளிதாக அடங்குவதில்லை. அவை பல்கலைக்கழகத்தின் சொந்தப் பேரவைக்கும் மூதவைக்கும் விடப்படுகின்றன. அங்கே விசாரிப்பவர் பெரும்பாலும் முறைப்பாட்டுக்கு உள்ளானவரின் சக ஊழியர். வேறு பல்கலைக்கழகத்தவரைக் கொண்ட குழு விசாரிப்பதும், விசாரணை முடியும்வரை முறைப்பாட்டாளரின் நியமனத்தை அவருடைய துறைக்கு வெளியே மதிப்பிடுவதும் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைக்கும்.