தேர்வுக்கு ஒரு வழித்துணை – 6: அஸ்திவாரம் முதலில், வேகம் பிறகு

சென்ற இதழோடு மொழிப் பகுதியை முடித்துக்கொண்டோம். இந்த வாரம், உத்தியோகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறவர்களில் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்து, அந்தக் கடைசி என்பது வராமலே தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்துவிடுகிற கணக்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

பத்தாம் வகுப்போடு கணிதத்துக்கு விடைகொடுத்துவிட்டு, பிறகு தமிழோ வரலாறோ படித்துப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு வினாத்தாளில் விழுக்காட்டையும் கூட்டுவட்டியையும் மறுபடி சந்திக்கும்போது திகைத்து நிற்பது இயல்பே. ஆனால் அந்தத் திகைப்பைத் தம் புத்தியின் குறை என்று கருதி, 'எனக்குக் கணக்கு வராது' என்று தம்மைப் பற்றித் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது பெரிய அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம். அவரிடம் விட்டுப்போனது அப்பியாசம் ஒன்றுதான். விட்ட இடம் எதுவென்று கண்டு அங்கிருந்து தொடங்கினால் அது திரும்பி வந்தே தீரும்.

கேட்பவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை முதலில் நிதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில், 3 மணி நேரத்தில் விடையளிக்க வேண்டிய 200 வினாக்களில், தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75 போக, எஞ்சிய 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்ற பகுதியைச் சேர்ந்தவை; வினாவுக்கு ஒன்றரை வீதம் அவை 37.5 மதிப்பெண் பெறும். லட்சக்கணக்கானோர் எழுதி, ஓரிரு வினாக்களில் தரவரிசை வெகுவாக மேலும் கீழும் போய்விடுகிற ஒரு தேர்வில், இந்த 25-ஐ முழுதாகக் கைவிட்டு விட்டு வேலை கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை. வங்கி எழுத்தர் பணிக்காக ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் முதல்நிலைத் தேர்வு இன்னும் கண்டிப்பானது. அங்கே எண்ணியல் திறன் பகுதிக்கு 35 வினாக்கள், 20 நிமிட அவகாசம். வகுத்துப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 34 வினாடிதான் கிடைக்கும். கணிப்பானுக்கு அனுமதி இல்லை. மத்திய நிதியமைச்சகம் 2021-இல் அறிவித்த முடிவின் பயனாக இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்று ஆகிவிட்டபடியால், வினா புரியவில்லை என்ற தடை நம் பிள்ளைகளுக்கு இப்போது இல்லை.

இத்தனை கண்டிப்புக்கும் நடுவே ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தேர்வுகளின் கணக்கில் மிகப் பெரும் பகுதி பள்ளிக்கூடக் கணக்குத்தான்: பின்னம், விகிதம், விழுக்காடு, லாப நஷ்டம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், வேகமும் தூரமும், சராசரி, மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, எண் தொடர். ஆகவே ஆயிரம் பக்க வழிகாட்டி நூலை வாங்குவதற்கு முன், ஆறாம் வகுப்புக் கணிதப் பாடநூலை எடுத்து, வெட்கப்படாமல், முதல் பயிற்சியிலிருந்து பென்சிலும் தாளுமாக உட்காருங்கள். எட்டாம் வகுப்பைக் கடப்பதற்குள் மறந்தவை யாவும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்; அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஓட்டைகளும் தெரியும்.

அடுத்து, ஞாபகத்தில் இருக்க வேண்டியவை. 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 15 வரை கனம், இவற்றோடு பின்னங்களின் விழுக்காட்டு மதிப்பு ஆகியவை கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைகளுக்கு, பதினாறில் ஒன்றான வீசமும், இருபதில் ஒன்றான மாவும், எண்பதில் ஒன்றான காணியும் முழு எண்களைப் போலவே பழகிப்போனவையாக இருந்தன. இன்று தேர்வெழுதுகிறவருக்கு வேண்டியதும் அந்தப் பரிச்சயமே: அரைக்கால் என்பது 12.5 விழுக்காடு, வீசம் 6.25, மா 5 என்று பழகியவர், 640-இல் 37.5 விழுக்காடு எவ்வளவு என்ற வினாவைக் கண்டால், தசமப் பெருக்கலில் இறங்காமல், மூன்று அரைக்கால் என்று உணர்ந்து, 640-ஐ எட்டால் வகுத்து 80 என்றும், மும்மடங்காக்கி 240 என்றும் மனத்துக்குள்ளேயே சொல்லிவிடுவார்.

இங்கே ஷார்ட்கட் என்று வழங்கும் குறுக்கு வழிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. ஒருவர் 20 நாளிலும் மற்றவர் 30 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்டால், இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகு என்ற சூத்திரம் 12 நாள் என்ற விடையை உடனே தந்துவிடும். ஆனால் இருவரும் 4 நாள் வேலை செய்தபின் முதலாமவர் விலகிவிட்டார், மீதியை இரண்டாமவர் எத்தனை நாளில் முடிப்பார் என்று வினா சற்றே திரும்பினால், சூத்திரம் மட்டும் தெரிந்தவர் நின்றுவிடுகிறார். மொத்த வேலையை 20, 30 ஆகியவற்றின் பொது மடங்கான 60 பங்காகக் கொண்டால், முதலாமவர் நாளொன்றுக்கு 3 பங்கும் மற்றவர் 2 பங்கும் செய்கிறார்கள் என்பது விளங்கும்; 4 நாளில் 20 பங்கு தீர்ந்து, மிஞ்சிய 40 பங்கை இரண்டாமவர் 20 நாளில் முடிப்பார். 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் 100 ரூபாய் என்று சூத்திரம் சொல்லும். அந்த 100 ரூபாய், முதலாண்டு வட்டியான 1,000 ரூபாயின் மேல் இரண்டாம் ஆண்டில் ஏறிய வட்டியே என்று புரிந்துகொண்டவரோ, சூத்திரம் மறந்தாலும் கலங்கமாட்டார். குறுக்கு வழி, நேர்வழி தெரிந்தவருக்கு மட்டுமே குறுக்கு வழி. ஆகையால் தாத்பரியத்தைக் கிரகித்த பிறகே அதை உபயோகிக்க வேண்டும்.

மனனமும் தாத்பரியமும் ஆகிய இரண்டும் கைவந்த பிறகுதான் வேகத்துக்கு முறை வருகிறது. சங்கீதம் பயில்கிறவர்கள் சரளி வரிசையை முதற்காலத்தில் சுத்தமாகப் பாடிய பின்னரே இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் ஏறுவதைப் போல, முதல் மாதத்தில் கடிகாரத்தைப் பாராமல் விடை பிசகாமல் போடுவதையே லட்சியமாகக் கொண்டு, பிற்பாடு பத்து வினாவுக்குப் பதினைந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு ஏழு என்று அவகாசத்தைக் குறைத்துக்கொண்டே வருவது உத்தமம். முதல் நாளே மாதிரித் தேர்வில் இறங்கி, குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு மனம் தளர்ந்து, முயற்சியையே கைவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

வேகத்தைக் காட்டிலும் விவேகம் பெரிது. 34 வினாடிக் கணக்கில் 35 வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்கவில்லை; எதை விடுவது என்று அறிவதும் அங்கே சோதிக்கப்படும் சாமர்த்தியமே. சுருக்குதல், எண் தொடர் போன்ற சிறு வினாக்களை முதலில் முடித்துவிட்டு, நீண்ட வாசகக் கணக்குகளுக்குப் பிறகு வரலாம். 7, 8, 12, 21, 37, 62 என்ற தொடரில் வித்தியாசங்கள் 1, 4, 9, 16, 25 என வர்க்கங்களாக வளர்வதைக் கண்டவர், 36-ஐக் கூட்டி 98 என்று குறித்து நகர்ந்துவிடுவார். அரை நிமிடத்தில் வழி தென்படாவிட்டால், தயங்காமல் விட்டுவிட்டு மேலே செல்ல வேண்டும். குரூப் 4 தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வங்கித் தேர்விலோ ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறவருக்கு, ஐந்து முறைக்கு ஒரு முறை கிடைக்கும் ஒரு மதிப்பெண், மற்ற நான்கு தவறுகளில் கால் காலாகக் கரைந்துபோகும். ஆனால் கடைசி இலக்கத்தையோ தோராய மதிப்பையோ கொண்டு இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால், அத்தகைய மூன்று வினாக்களில் சராசரியாக அரை மதிப்பெண் மிஞ்சும். அதனால் 48-ஐ 52-ஆல் பெருக்கும் வினாவில்கூட, விடை 2,500-க்குச் சற்றுக் குறைவு, கடைசி இலக்கம் 6 என்று முன்கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் பிறகு, எழுதிய நேரத்துக்குக் குறையாத நேரத்தைத் தவறுகளுக்குச் செலவிடுங்கள். தனி நோட்டுப் புத்தகம் ஒன்றில், வழி தெரியாமல் விட்டவை, வழி தெரிந்தும் கணக்கீட்டில் பிசகியவை, வினாவைச் சரியாகப் படிக்காமல் கெட்டவை என்று மூவகையாகப் பிரித்து எழுதி வந்தால், பாடநூலுக்குத் திரும்ப வேண்டுமா, வாய்ப்பாட்டுக்குத் திரும்ப வேண்டுமா, நிதானம்தான் வேண்டுமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

பெரிய தொகை செலுத்திப் பயிற்சி நிலையத்தில் சேர வசதியில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. தேர்வாணையத்தின் முந்தைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. நூலகத்தில் ஒரு மேசையும் நாள்தோறும் இரண்டு மணி நேரச் சிரத்தையும் இருந்தால், கணக்குக்கு அஞ்சி வந்த ஒருவர் சில மாதங்களில் கணக்கை நம்பித் தேர்வெழுதப் போகலாம். வசதி படைத்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வினாத்தாள். அதில் அப்பியாசத்தின் பலனை ஒருவரும் தட்டிப் பறிக்க முடியாது.

அட்டவணைகளையும் வரைபடங்களையும் கொடுத்து அவற்றிலிருந்து விடை காணச் சொல்லும் தரவு விளக்க வினாக்களை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் பின்னங்களின் விழுக்காட்டு மதிப்பை, அரையில் தொடங்கி இருபதில் ஒன்று வரை, ஒரு தாளில் எழுதி மனனம் செய்து வையுங்கள். அந்த வினாக்கள் ஒவ்வொன்றிலும் அது உங்களுக்குத் தேவைப்படும்.

(தொடரும்)