நாலு பேர் சேர்ந்து வரைந்த கிறிஸ்துமஸ் கார்டு: அது யாருக்குச் சொந்தம்?

டிசம்பர் நெருங்கினாலே டிசைன் படிக்கும் மாணவர்களின் ஹாஸ்டல் அறைகளில் தூக்கம் குறைந்துவிடும். பேக்கரிக்கு கேக் பெட்டி, அபார்ட்மென்ட் விழாவுக்கு பேனர், கம்பெனிக்கு வாழ்த்து அட்டை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். செமஸ்டர் நடுவே தனியாளாகச் செய்ய முடியாது என்பதால் நாலு பேர் சேர்ந்து செய்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் படம் வரைகிறார். இன்னொருவர் எழுத்துகளை வடிவமைக்கிறார். மூன்றாமவர் லேஅவுட் போடுகிறார். நான்காமவர் பேக்கரிக்காரரிடம் பேசுகிறார். ₹6,000 வருகிறது, ஆளுக்கு ₹1,500. எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த டிசம்பரில் அதே படம் அந்தக் கடையின் மக்கிலும் துணிப்பையிலும் விற்பனைக்கு வருகிறது. கேட்டால், "உங்க ஃப்ரெண்ட் வாட்ஸ்அப்ல ஓகே சொல்லிட்டாரே" என்கிறார் கடைக்காரர். இப்போது என்ன செய்வது?

இது நமக்கு எதுக்கு?

நீங்கள் டிசைனராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆபீஸ் கிறிஸ்துமஸ் விழாவுக்கு "தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், சும்மா ஒரு போஸ்டர் போட்டுத் தருவான்" என்று சொன்னது நீங்களாக இருக்கலாம். அப்படியென்றால் கதையில் வரும் கடைக்காரர் நீங்கள்தான்.

வேலை கேட்பவரும் வரைபவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது புதிதல்ல. முதல் வணிகரீதியான கிறிஸ்துமஸ் அட்டையே அப்படித்தான் பிறந்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் யோசனையைச் சொன்னார். ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தார். அச்சிட்டு, ஒரு அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள்.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது?

இந்தியாவில் இதற்கான சட்டம் பதிப்புரிமைச் சட்டம், 1957. அடிப்படை விதி எளிது: படைத்தவர்தான் முதல் உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட கிடையாது. வரைந்து முடித்ததுமே உரிமை வந்துவிடும்.

ஆனால் பிரிவு 17இல் விதிவிலக்குகள் இருக்கின்றன. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஒருவர் கேட்டு, பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படம், வரையப்பட்ட ஓவியம் போன்றவை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவருக்கே போகும். நம் பேக்கரிக்காரர் இதைக் காட்டி வாதாட முடியும். கணினியில் செய்த டிசைன் 'ஓவியம்' ஆகுமா என்று மாணவர்கள் எதிர்வாதம் வைக்கலாம்.

இரண்டு, வேலை ஒப்பந்தத்திலோ பயிற்சி ஒப்பந்தத்திலோ இருக்கும்போது அந்த வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக நிறுவனத்துக்கே சொந்தம். இன்டர்ன்ஷிப் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வது இதனால்தான்.

'சேர்ந்து செய்தது' என்றால் என்ன?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். கூட்டுப் படைப்பு என்று சட்டம் சொல்வது, ஒருவரின் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருக்கும் படைப்பை. இரண்டு பேர் ஒரே படத்தை மாறி மாறி வரைந்திருந்தால் அது பொருந்தும். படம் தனியாக, எழுத்து தனியாகப் பிரிந்து நின்றால், இரண்டும் தனித்தனிப் படைப்பு என்று வாதிட இடம் உண்டு.

அப்படியானால் பேக்கரியோடு பேசிய நான்காமவர்? பேரம் பேசியதற்குப் பணத்தில் பங்கு கேட்கலாம். பதிப்புரிமையில் பங்கு கேட்பது கடினம். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை வரைந்து காட்டிய வடிவத்துக்குத்தான் உண்டு. "பனிமனிதனுக்குப் பதிலா பனைமரத்துல நட்சத்திரம் தொங்கட்டும்" என்று முதலில் சொன்னவருக்கு, அந்த ஒரு வரியால் மட்டும் உரிமை வராது.

சரி, கூட்டுப் படைப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் "ஓகே" சொன்னால் போதுமா? போதாது. கூட்டு உரிமையாளர் ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் மூன்றாவது நபருக்கு உரிமம் தர முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2008இல் கூறியிருக்கிறது.

எழுதிக் கொடுத்தால் எல்லாம் போய்விடுமா?

இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த ஊர் வரை என்பதையும் சொல்ல வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. உரிமையை முழுதாக விற்ற பிறகும், "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் முடியும். இதைச் சொல்வது பிரிவு 57.

மக், பை என்று போனால்?

வடிவமைப்புகள் சட்டம், 2000 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் கீழ் பதிவு செய்யத் தகுதியுள்ள டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைப் பொருளில் பதித்து, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை முடிந்துவிடும். எது இந்தக் கணக்கில் வரும், எது தனி ஓவியமாக நிற்கும் என்பது நீதிமன்றம் வரை போகிற விவாதம். அதனால் பொருள் விற்பனை என்ற பேச்சு வந்தாலே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஃபான்ட்டை மறந்துடாதீங்க

அட்டையில் உங்களுடையது அல்லாத பொருளும் இருக்கும். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்' என்று போட்டிருக்கும் எழுத்துருவைக் கடைக்கான வேலையில் போட்டால் சிக்கல். பலூ தம்பி, கட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். சாண்டாவும் அப்படித்தான். சிவப்புச் சட்டைத் தாத்தாவை யாரும் வரையலாம். இன்னொருவர் வரைந்த குறிப்பிட்ட சாண்டாவை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

அப்போ என்னதான் செய்யணும்?

ஒரு பக்கம் போதும். வேலை ஆரம்பிக்கும் முன் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்:

• யார் எதைச் செய்கிறார்கள், பணத்தில் யாருக்கு எவ்வளவு.
• பதிப்புரிமை யாரிடம் இருக்கும். உரிமம் தர எல்லோர் சம்மதமும் வேண்டுமா.
• கடைக்காரர் எதில், எத்தனை பிரதி, எந்த ஆண்டு வரை அச்சிடலாம். மறுபடி அச்சிட்டால் எவ்வளவு.
• பெயர் எங்கே வரும், போர்ட்ஃபோலியோவில் போடலாமா.
• சோர்ஸ் ஃபைல் யாரிடம் இருக்கும்.

குழுவில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் பெற்றோரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி அவர் போடும் ஒப்பந்தம் செல்லாது.

"நண்பர்களுக்குள்ள எழுதிக்கணுமா?" என்று கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் இன்னும் "நான் கடைக்கு ஓகே சொன்னது தப்பா?" என்று மற்ற மூவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். கடைக்காரரோ, வாங்கியது என்ன என்றே தெரியாமல் மக் அடித்து வைத்திருப்பார். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் இந்த டிசம்பரிலும் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டிருக்கலாம்.