வீட்டுக் கூடத்தில் அடுக்களைச் சரக்கு விற்பனை
செஞ்சிக் குடியானவர் இல்லங்களுக்கு ஏற்ற ஓர் உபதொழில்

நமது குடியானவர் பெருமக்கள் நிலத்தில் விளைந்ததை விற்பதில் காட்டும் கவனத்தில் கால்பங்கேனும், வீட்டில் செய்த பொருளை விற்பதில் காட்டுவதில்லை. செஞ்சித் தாலூகாவில் நெல்லோடு நிலக்கடலை, உளுந்து, கரும்பு முதலியன பயிராகின்றன. நெல் மூட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் போகிறது. ஆடு வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறது. ஆனால் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும், உளுந்து அப்பளமும், வடகமும், பருப்புப் பொடியும் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியவை உறவினருக்கு இனாமாகப் போய்விடுகின்றன. இவற்றை விற்கக் கடை வேண்டுவதில்லை. வீட்டுக் கூடமே போதும். அக்கம்பக்கத்து ஸ்திரீகளை ஒரு பிற்பகல் அழைத்து, சரக்கைச் செய்துகாட்டி விற்கும் முறையைப் பற்றியும், அதில் நேரக்கூடிய கேடுகளைப் பற்றியும் இங்கே சில குறிப்புகள் தருகின்றோம்.

இம்முறை வந்த விதம்

அமெரிக்காவில் 1931-ஆம் வருஷத்தில் ஆரம்பித்த ஸ்டான்லி என்னும் கம்பெனி, துடைப்பம், பிரஷ் முதலியவற்றை இல்லத்தரசிகளின் வீடுகளிலேயே கூட்டம் கூட்டி விற்று வந்தது. பின்னர் ஏர்ல் டப்பர் என்பவர் பாலிதீனால் மூடியிட்ட பாத்திரங்கள் செய்து 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சரக்கு நல்லதாயினும் கடைகளில் அது விலைபோகவில்லை. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடும் விதம் வாங்குவோருக்குத் தெரியாததே காரணம். பிரௌனி வைஸ் என்னும் அம்மையார் வீட்டுக் கூட்டங்களில் அதனைக் கையால் செய்து காட்டினார், விற்பனை பெருகிற்று. 1951-ல் அக்கம்பெனி கடைகளை அறவே விட்டு, வீட்டுக் கூட்டங்களையே நம்பலாயிற்று. இந்தியாவிற்கு அச்சரக்கு 1996-ல் வந்தது. ஆயினும் காலப்போக்கில் விற்பனை குன்றி, 2024-ஆம் வருஷம் செப்டம்பரில் அக்கம்பெனி கடன் தீர்க்க வகையின்றி அமெரிக்க நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

நமது நாட்டிலோ, பம்பாய் கிர்காமில் ஏழு ஸ்திரீகள் 80 ரூபாய் கடன் பெற்று, 1959-ஆம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி ஒரு வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல் நாள் செய்தவை நான்கே பொட்டலங்கள். அதுவே லிஜ்ஜத் அப்பளமாகப் பெருகி இன்று தேசமெங்கும் விற்பனையாகின்றது. செய்துகாட்டினால் சரக்கு விற்கும் என்பது முன்னதிலிருந்து அறியத்தக்கது. தன் கையால் செய்த சரக்கை விற்பவருக்குப் பிறர் சரக்கை வாங்கி அடுக்கும் கடன் இல்லை என்பது பின்னதிலிருந்து அறியத்தக்கது.

சரக்கின் சுத்தம்

கூட்டத்தின் வெற்றி அழைப்பில் இல்லை. களத்தில் கடலை காயவைக்கும்போதே தொடங்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த நஞ்சே காரணமென்று பின்னர் அறியப்பட்டது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். செக்கெண்ணெய் சுத்திகரிக்கப்படாததாகையால், கெட்ட பருப்பின் நஞ்சு அதில் கலந்து வரக்கூடும். ஆகவே பிடுங்கிய கடலையைக் குவியலாகப் போட்டு வைக்கலாகாது. ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்கிற்கு மேற்படாதவாறு, குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலக்கும்வரை உலர்த்துதல் வேண்டும். கறுத்ததும், சுருங்கியதும், பூசணம் கண்டதுமான பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதை மாட்டிற்கும் வைத்தல் கூடாது.

கூட்டம் நடத்தும் விதம்

1. நடவும் களையெடுப்பும் நடக்கும் வாரங்களில் கூட்டம் வைத்தால் எவரும் வாரார். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் காலமே தகுந்தது. சந்தை நாளாகிய வெள்ளிக்கிழமையை விலக்குக.

2. பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்கு மேல் அழைக்க வேண்டாம். எல்லோரும் அடுப்பைக் கண்ணால் காணவேண்டும். விற்பனை உண்டு என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். விருந்தென்று அழைத்து, வந்தபின் சரக்கை விரிப்பது வஞ்சனையாகும்.

3. சரக்கைப் புகழ்வதைவிடச் செய்துகாட்டுவது மேல். ஈரம் நின்ற எண்ணெய் காயும்போது படபடவென்று வெடிக்கும். தெளிந்த எண்ணெய் அமைதியாகக் காயும். வந்தவர் எதிரிலேயே எண்ணெயைக் காயவைத்து அப்பளம் பொரித்துக் கொடுக்கவும். அவர்கள் வீட்டு எண்ணெய் ஏதேனும் கொண்டுவந்தால் அதையும் பக்கத்தில் காய்ச்சிக் காட்டலாம்.

4. அளவைத் தெளிவாகச் சொல்லுக. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடையே இருக்கும். ஒருவர் லிட்டரிலும் மற்றொருவர் கிலோவிலும் விலை சொல்வதால் பல மனஸ்தாபங்கள் உண்டாகின்றன.

5. அன்றே வாங்கச் சொல்லி நிர்ப்பந்திக்க வேண்டாம். வேண்டுவோர் மறுநாள் சொல்லியனுப்பட்டும். கெட்டுப்போன சரக்கை மறு பேச்சின்றித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கடனுக்குக் கொடுத்தால் பணமும் போம், உறவும் போம்.

தாக்ஷண்யம் என்னும் கேடு

இத்தொழிலில் முக்கியமான எச்சரிக்கை இதுவே. கடையில் சரக்குப் பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம். உறவினர் கூடத்தில் காபி அருந்தியபின் வெறுங்கையோடு எழுந்து வருதல் எளிதன்று. அவ்வாறு தாக்ஷண்யத்திற்கு வாங்கியவர் மறுமுறை அழைத்தால் வாரார். வீதியில் கண்டாலும் விலகிப் போவார். ஆகையால் நிலச்சுவான்தார்கள், தங்கள் நிலத்தில் கூலி வேலை செய்வோரையும், குத்தகைக்காரரையும், தங்களிடம் கடன்பட்டவரையும் இத்தகைய கூட்டத்திற்கு அழைத்தலாகாது. 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்தரம் அவர்களுக்கு இல்லை. அவ்வாறே கிராம நிர்வாக அலுவலர் முதலிய உத்தியோகஸ்தர் இல்லத்தில் இக்கூட்டம் நடத்துதல் தகாது. பட்டாவிற்கும் சான்றிதழுக்கும் நாளை வரவேண்டியவர், இன்று எண்ணெய் வேண்டாமென்று எங்ஙனம் சொல்வார்?

கணக்கு

உதாரணமாக 100 கிலோ உலர்ந்த காயை எடுத்துக்கொள்வோம். உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பும், செக்கில் ஆட்டினால் சுமார் 28 கிலோ, அதாவது 30 லிட்டர் எண்ணெயும் கிடைக்கும். கீழ்க்கண்ட விலைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. அவரவர் ஊர் விலையை இட்டுக்கொள்க.

காயின் விலை ரூ. 7,000, உடைப்பு, ஆட்டுக்கூலி ரூ. 700; பாட்டிலும் சீட்டும் ரூ. 360, வண்டிச் சத்தம் ரூ. 240, கூட்டத்தின் சிற்றுண்டி ரூ. 300, ஆகச் செலவு ரூ. 8,600. பிண்ணாக்கு 38 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் ரூ. 1,520 கழிய, நிகரச் செலவு ரூ. 7,080, லிட்டருக்கு அடக்கம் ரூ. 236. லிட்டர் 280 ரூபாய்க்கு விற்றால் வரவு ரூ. 8,400, மிச்சம் ரூ. 1,320. இதில் வீட்டாரின் கூலி சேரவில்லை. மூன்று நாள் உழைப்பெனில் நாளொன்றுக்கு ரூ. 440 நிற்கும். பத்து லிட்டர் விற்காமற்போனாலும் அது வீட்டுச் சமையலுக்கு ஆகும். பிறர் சரக்கைக் கடனுக்கு வாங்கி அடுக்கியவருக்கு இந்த ஆறுதல் கிடையாது.

சட்ட விஷயங்கள்

விற்பனைக்காக உணவுப்பொருள் செய்வோர், சிறு அளவில் செய்தாலும், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். சமையல் எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து ஊற்றி விற்பது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. பாட்டிலில் அடைத்து, பெயர், நிகர அளவு, அடைத்த தேதி, விலை, செய்தவர் விலாசம், பதிவு எண் ஆகியவற்றைச் சீட்டில் அச்சிட்டு ஒட்டுக.

அயலூர்க் கம்பெனிகளின் பேரால் அடுக்களைப் பாத்திரங்களை விற்க வருவோர், 2021-ஆம் வருஷத்து நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி வீட்டிற்கு வருதல் கூடாது. 'ஆறு பேரைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் ஆறாறு பேரைச் சேர்ப்பார்கள். உங்களுக்குப் பங்கு வரும்' என்று எவரேனும் சொன்னால் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்தாம் சுற்றில் 7,776 பேரும், ஆறாம் சுற்றில் 46,656 பேரும் புதிதாகச் சேரவேண்டும். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி செஞ்சிப் பேரூராட்சி முழுவதிலுமே அத்தனை பேர் இல்லை. கடைசியில் சேர்ந்தவர் கையில் சரக்கும் கடனுமே எஞ்சும். இத்தகைய சங்கிலித் திட்டங்களை மேற்கண்ட விதிகள் தடுக்கின்றன. பணச்சுழற்சித் திட்டங்கள் 1978-ஆம் வருஷத்திலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. சுய உதவிக் குழுவில் பெற்ற கடன் இவ்வழியில் போகாதவாறு பார்த்துக்கொள்வதும், இவ்விஷயத்தைக் கிராம சபையில் எடுத்துச் சொல்வதும் ஊராட்சித் தலைவர்களின் கடமையாகும்.

முடிவுரை

செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, 2025-ஆம் வருஷம் ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. ராஜகிரியைக் காணவரும் பிரயாணிகளிடமும் இச்சரக்கை விற்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் நன்றே. ஆயினும் பிரயாணி ஒருமுறை வாங்கிப் போய்விடுவான். சரக்கின் குறையை அவன் வாயால் நாம் கேட்கமாட்டோம். பக்கத்து வீட்டுக்காரியோ மாதந்தோறும் வாங்குவாள். குறை இருந்தால் மறுநாளே சொல்வாள். ஆகவே முதற் கூட்டத்தில் பத்து லிட்டரே விற்றாலும் மனந்தளர வேண்டாம். அடுத்த மாதம் அழையாமலே பாட்டிலைக் கையிலெடுத்துக்கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே இத்தொழிலின் உண்மையான லாபம்.