குட்டிப் பீரங்கி: அலங்காரப் பொருளா, ஆயுதமா?

சிலர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு, இரண்டு சக்கரங்கள், பளபளக்கும் மஞ்சள் நிறக் குழாய். முன்னால் ஒரு துளை; பின்பக்கம் மேலே, ஊசி நுழையும் அளவுக்கு இன்னொரு துளை. பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும், 1603-இல் வார்க்கப்பட்ட ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின் குட்டித் தம்பி போல இருக்கும். கையில் எடுத்ததும், "இது உண்மையிலேயே சுடுமா?" என்று கேட்கத் தோன்றும்.

அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுட்டால் இந்தக் குழாய் தாங்குமா? அதைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

சிறியது என்றால் ஆபத்தும் சிறியதா?

வெடிமருந்து எரியும்போது, கண் இமைப்பதற்குள் சூடான வாயு உருவாகிறது. அடைபட்ட குழாய்க்குள் அதன் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு உயரக்கூடும். அந்த வாயு குண்டை மட்டும் தள்ளுவதில்லை. குழாயின் சுவரையும் எல்லாப் பக்கமும் தள்ளுகிறது.

சாசேஜை வேகவைக்கும்போது கவனித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் நீளவாக்கில்தான் பிளக்கும். உருளையின் சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கும் தகைவு, நீளவாக்கில் இழுக்கும் தகைவைப் போல் இரு மடங்கு என்பதே காரணம். அதன் எளிய வாய்பாடு இது:

தகைவு = அழுத்தம் × உள் ஆரம் ÷ சுவரின் தடிப்பு

இது மெல்லிய சுவருக்கானது. தடித்த சுவருக்குக் கணக்கு சற்று மாறும். ஆனால் ஆரத்துக்கும் தடிப்புக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம் என்பது மாறாது. 50 மில்லிமீட்டர் ஆரமும் 50 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பீரங்கியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். இப்போது இரண்டும் 5 மில்லிமீட்டர். விகிதம் அதேதான். அழுத்தம் ஒன்றாக இருந்தால் தகைவும் ஒன்றே!

இன்னொரு சிக்கலும் உண்டு. உலோகத்தை வார்க்கும்போது உள்ளே காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளலாம். 2 மில்லிமீட்டர் குமிழி பெரிய பீரங்கியின் சுவரில் 4 விழுக்காடுதான். குட்டிப் பீரங்கியின் சுவரிலோ அது 40 விழுக்காடு.

செய்து பாருங்கள்

முதலில் காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது முழுப் பித்தளை அல்ல. பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம்.

அடுத்து, சக்கரங்களைக் கழற்ற முடிந்தால் குழாயை மட்டும் எடை போடுங்கள். பிறகு அதை நூலில் கட்டி, அளவுகுறித்த நீர்க் குவளையில் முழுவதும் அமிழ்த்துங்கள். துளைகளில் காற்று தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடையை, உயர்ந்த நீரின் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

பித்தளை என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், வார்ப்பிரும்பு சுமார் 7.2, துத்தநாகக் கலவை சுமார் 6.6. எடை 330 கிராம், நீர் உயர்வு 50 மில்லிலிட்டர் என்றால் விடை 6.6. மஞ்சள் நிறம் வெறும் பூச்சு. உள்ளே இருப்பது பெரும்பாலும் துத்தநாகக் கலவைதான். மலிவான அலங்காரப் பொருள்கள் பல இதில்தான் செய்யப்படுகின்றன. கலவை தூய்மையாக இல்லாவிட்டால், ஈரப்பதமான சூழலில் அது உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும்.

விடை 8.5 என்று வந்தால்? அது பித்தளையாக இருக்கலாம் என்பது மட்டுமே தெரியும். மயிரிழை விரிசலை அடர்த்தி காட்டாது. இந்தச் சோதனைகள் "இது சுட ஏற்றதல்ல" என்று சொல்லக்கூடும். "இது பாதுகாப்பானது" என்று ஒருபோதும் சொல்லமாட்டா.

நேற்று தாங்கியது இன்று தாங்குமா?

1844 பிப்ரவரி 28. அமெரிக்காவின் பொட்டோமேக் ஆற்றில் 'பிரின்ஸ்டன்' போர்க்கப்பல் விருந்தினர்களுடன் சென்றது. அதிலிருந்த 'பீஸ்மேக்கர்' என்ற பெரிய இரும்புப் பீரங்கி அன்று ஏற்கெனவே வெற்றிகரமாகச் சுடப்பட்டிருந்தது. மீண்டும் சுட்டபோது குழாய் வெடித்துச் சிதறியது. வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உள்ளிட்ட 6 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் இருந்த அதிபர் ஜான் டைலர் உயிர் தப்பினார்.

ஒருமுறை தாங்கியது மறுமுறையும் தாங்கும் என்பதற்குச் சான்று அல்ல. ஒவ்வொரு வெடிப்பும் சிறு விரிசலை மேலும் நீட்டலாம். அதனால்தான் பிரிட்டனில் துப்பாக்கிக் குழாய்களைச் சோதிக்கத் தனி நிலையங்கள் உள்ளன. பர்மிங்காம் நகரில் உள்ளது 1813 முதல் இயங்கி வருகிறது. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில், தகுந்த பாதுகாப்புடன் சுட்டுப் பார்த்து, தேறியவற்றில் மட்டுமே முத்திரை குத்துவார்கள். எக்ஸ்ரே, மீயொலி போன்றவை உள்விரிசலைத் தேட உதவுகின்றன. இவை நம் வீட்டு மேசையில் செய்யக்கூடியவை அல்ல.

முடிவு என்ன?

அலமாரியில் இருக்கும் பீரங்கி அலங்காரப் பொருள்தான். அதில் பட்டாசு மருந்தையோ தீக்குச்சித் தலைகளையோ திணிக்கவே கூடாது. வெடித்தால் சிதறும் உலோகத்துண்டு கண்ணையும் விரலையும் பறித்துவிடும். மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இத்தகைய விளையாட்டுக்கு இடம் தருவதில்லை.

உங்களிடம் இருப்பது தாத்தா காலத்துப் பழம்பொருளா? மேலே சொன்ன சோதனைகளைக்கூட அதில் செய்யாதீர்கள், குடையவும் வேண்டாம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 2013-இல் ஒரு பழைய பீரங்கியைத் துப்புரவு செய்தபோது, உள்ளே வெடிமருந்தும் குண்டும் அப்படியே இருந்தன! பெரியவர்களிடம் சொல்லிக் காவல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.

"பாதுகாப்பானது" என்று சொல்லச் சான்று வேண்டும். சான்று இல்லாதவரை, அந்தப் பீரங்கி அலமாரியிலேயே இருக்கட்டும்.