சர்க்கரை ஆலைக்கும் இயந்திரம்... நட்சத்திரத்துக்கும் இயந்திரம்!

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரைத் தாண்டிப் போனால் காவலூர். அங்கே இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். அதாவது, ஏழரை அடிக்கும் மேல்!

இதை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது விஞ்ஞானி வைணு பாப்புவின் கனவு. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அதைத் தாங்கும் இரும்பு உடலைச் செய்தது, சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்குப் பேர்போன மகாராஷ்டிராவின் வால்சந்த்நகர் தொழிற்சாலை.

இதில் என்ன சவால்? பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோலத் தெரியும். பல டன் இரும்பும் அதே வேகத்தில், குலுங்காமல் திரும்ப வேண்டும். சுழலும் பாகத்தில் சின்னப் பிசிறு இருந்தாலும், படத்தில் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாகிவிடும்.

1982-ல் பாப்பு காலமானார். 1986 ஜனவரி 6 அன்று தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. முழுமையடைந்த அதை அவர் பார்க்கவே இல்லை.

நம்மூர் லேத் பட்டறைக்குப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேய்ந்த ஷாஃப்ட்டை நீட்டி, 'இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு கொடுங்க' என்றால், தேய்மானமும் சேர்ந்தே வரும். எந்த பேரிங்கில் உட்காரும், என்ன வேகத்தில் சுற்றும், எத்தனை மைக்ரான் கூடலாம், குறையலாம் என்பதையும் சொல்லுங்கள். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்தான். எதற்கு என்று தெரிந்தால்தான் எவ்வளவு துல்லியம் என்று பட்டறைக்காரருக்குப் புரியும்!