அலோர்ஸ்டார் ஆய்வும் நாம் கேட்காத கேள்விகளும்

“ஆய்வுல சேரச் சொல்றாங்க தம்பி, நம்மள எலியாக்கிப் பார்ப்பாங்களோ?” வானொலியில் மருத்துவ அங்கம் போனால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். சுங்கை லாலாங், பீடோங் பக்கத்துப் பெரியவர்கள் கேட்டால் அலோர்ஸ்டாரைத்தான் உதாரணம் சொல்வேன். அங்கே சுல்தானா பாஹியா மருத்துவமனையும் பங்கெடுத்த ஓர் ஆய்வுதான் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்குக் கட்டுப்படியாகும் மருந்து ஒன்று வர வழிசெய்தது.

இது இரத்தத்தின் வழி பரவும் கிருமி. பகிர்ந்துகொள்ளும் ஊசி, சுத்தமில்லாத பச்சைகுத்தும் ஊசி போதும். கிருமியை அடையாளம் கண்டதே 1989-இல்தான். அதற்கு முன் ஏற்றிய இரத்தத்தில் இருந்தாலும் தெரிய வழியில்லை. பெரும்பாலும் வலியே இருக்காது. இருபது, முப்பது ஆண்டு கழித்து ஈரல் சுருங்கிய பிறகே பலருக்குத் தெரியவரும்.

முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசிதான். வாரம் ஒன்று, 48 வாரம் வரை. காய்ச்சல், அசதி, மனச்சோர்வு என்று பாதியில் விட்டவர்கள் உண்டு. 2013-இல் சொஃபொஸ்புவிர் மாத்திரை வந்தது. அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர்! தோட்டத்துச் சம்பளக்காரர் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

மலேசிய சுகாதார அமைச்சு, லாப நோக்கமில்லாத டிஎன்டிஐ அமைப்பு, எகிப்தின் ஃபார்கோ நிறுவனம் மூன்றும் கைகோத்தன. ராவிடாஸ்விர் என்ற புது மருந்தைச் சொஃபொஸ்புவிரோடு சேர்த்து, மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேருக்குக் கொடுத்தார்கள். 2016-இல் ஆய்வு தொடங்கியது. ஈரல் சுருங்காதவர்களுக்கு 12 வாரம், சுருங்கியவர்களுக்கு 24 வாரம். சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்தால், 97 விழுக்காட்டினரின் இரத்தத்தில் கிருமி இல்லை. 2021 ஜூனில் மலேசியா இம்மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இதற்கிடையே 2017-இல், காப்புரிமையைத் தாண்டி மலிவான சொஃபொஸ்புவிர் கிடைக்கவும் அரசாங்கம் உத்தரவிட்டது. துணிச்சலான முடிவுதான்.

எலிக் கேள்விக்கு வருவோம். இந்த ஆய்வில் வெற்று மாத்திரை கிடையாது, சேர்ந்த எல்லாருக்கும் மருந்துதான். வேறு சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பதுண்டு. அப்படியென்றால் அதைச் சம்மதத் தாளில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சிக்கலே அந்தத் தாளில்தான் என்பேன். பக்கம் பக்கமாக இருக்கும். “டாக்டர் சொன்னா சரிதான்” என்று நம் அம்மா அப்பா மரியாதைக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அல்லது பயந்து மறுத்துவிடுவார்கள். இரண்டிலும் கேள்வி இல்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். தமிழில் விளக்கச் சொல்லலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வில் சம்பந்தப்படாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். பாதியில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. உடன் போகும் பிள்ளைகள் இதையெல்லாம் அங்கேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. ஹெப்படைட்டிஸ் சி முதற்சோதனைக்கு விரல் நுனி இரத்தத் துளி போதும். ஆனால் ‘பாசிட்டிவ்’ வந்தால், கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை இரண்டாவது இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அந்தத் தேதியை மிஸ்ஸியிடம் எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.