தோட்டத்திலிருந்து அனிமே விழாவுக்கு

வரும் நவம்பரில் நானும் இரண்டு தோழிகளும் சிங்கப்பூருக்குப் போகிறோம். 2008-இல் தொடங்கிய 'அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியா' விழாவைப் பார்க்கத்தான்!

பஹாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். பகுதி நேர வேலைச் சம்பளத்தில் முதலில் எடுத்தது கடப்பிதழ், 200 வெள்ளி. நுழைவுச்சீட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டில் ரயிலில் ஐந்தே நிமிடம். போக 5 வெள்ளி. திரும்பிவர 5 சிங்கப்பூர் வெள்ளி. இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம். காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

தோழி தன் வேடத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி வாங்கியிருந்தாள். சிங்கப்பூருக்குள் கொண்டுபோகப் போலீஸ் அனுமதி வேண்டும் என்றதும் அட்டை வாளுக்கு மாறிவிட்டாள்.

ஊர் சுற்றிப் பார்க்கப் பாட்டியையும் கூப்பிட்டேன். இங்கேயே பிறந்து, பால் மரம் வெட்டி ஓய்ந்தவர். கையில் இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை இல்லை, அதனால் கடப்பிதழும் இல்லை.

"நீ போய்ப் படம் பிடிச்சிட்டு வா" என்றார்.

அவருடைய பழைய பத்திரங்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.